விலை கேட்டவர்களின் மீன்

தவிட்டுமேட்டில் மூடுபனிக்குள்ளிருந்து முதல் மீன் அகப்பட்டது ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. அதைப் பிடித்த தொபியாஸ், தெருவில் போகிற யாருடைய கம்பளிக் குல்லாவையோ தூண்டில் நூலில் சிக்கவைத்து இழுத்துவிட்டோம் என்று பதறி, பனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற அந்த ஆளிடம் முதலில் மன்னிப்புக் கேட்டான். பதில் வரவில்லை. நூலை இழுத்தான், ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு டிரவுட் மீன், செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, சர்ச் ரோட்டில் வந்து விழுந்தது. கடைவாசலில் நின்றிருந்த செலின் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, தூண்டில் ராடு நல்ல ராடுதான் போலிருக்கிறது என்றாள்.

ஏரி ஊருக்குக் கீழே நாலு மைல் தள்ளி இருக்கிறது. என்றைக்கோ ஒரு வெள்ளைக்காரர் ஐஸ் பெட்டியில் முட்டை கொண்டுவந்து அதில் டிரவுட்டை விட்டார். அதிலிருந்து அந்த மீன்கள் அங்கேதான் இருந்தன. அவை எப்படி மலையேறி மூடுபனிக்குள் வந்தன என்று கேட்டவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். தவிட்டுமேட்டுக்காரர்கள் கேட்டது, அதற்கு மிளகு போடலாமா மிளகாய் போடலாமா என்பதைத்தான்.

தொபியாஸ் யார் என்று சொல்லிவிட வேண்டும். அவன் தேயிலை ஃபாக்டரியில் டீ டேஸ்டர். காலை எட்டு மணிக்கு வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வரிசையாக வைத்திருக்கும் அறுபது கிண்ணங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஊரே கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் முன்னும் பின்னும் உருட்டி, பக்கத்திலிருக்கும் பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போகிற உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக இப்படித் துப்பித் துப்பி அது அவனுடைய சுபாவமாகவே ஆகிவிட்டது. சட்டை வாங்கப் போனால் ஆறு சட்டையைப் போட்டுப் பார்த்து, ஆறையும் மடித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவான். பெண் பார்க்கப் போன நாலு வீடுகளிலும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தான்; அந்தப் பெண்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள், அவன் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. வயது நாற்பத்தாறு.

செலினுக்கு நாற்பத்தொன்று. அவளுடைய அப்பா விட்டுப்போன பழைய சாமான் கடையை அவள்தான் நடத்துகிறாள். மலையில் பூட்டிக்கிடக்கிற துரைமார் பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் கைமாறும்போது ஏலத்தில் வருகிற சாமான்கள், சோபா, கடிகாரம், காது உடைந்த சூப் பாத்திரம், யாரோ ஒருவருடைய தாத்தாவின் எண்ணெய்ப் படம், எல்லாம் அவள் கடைக்கு வந்துதான் மறுஜென்மம் எடுக்கும். தொபியாஸ் பதினோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கடைக்குப் போனான். எதையாவது எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்; செலின் டீ கொடுப்பாள்; குடித்துவிட்டுப் போய்விடுவான். அந்த டீ ரொம்பச் சுமாரான டீ, தூள் பெட்டிக்கடைத் தூள், பாலும் அதிகம். ஊரிலேயே டீயின் நல்லது கெட்டது தெரிந்த ஒரே ஆள் அதைக் கடைசிச் சொட்டு வரை முழுங்கிவிட்டுப் போகிறானே, இதற்கு என்ன அர்த்தம் என்று தவிட்டுமேட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செலினுக்கும் தெரிந்திருந்தது. அவன்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஐப்பசியில் ஒரு பங்களா ஏலத்திலிருந்து ஐந்து தூண்டில்கள் வந்தன. புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் கொட்டாவி விடுகிற தூண்டில் அல்ல. இது ஈத் தூண்டில். சேவல் இறகில் கட்டிய பொய் ஈயைத் தடித்த நூலின் நுனியில் முடிந்து, நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, நிஜ ஈ வந்து உட்கார்ந்த மாதிரி தண்ணீரில் இறக்க வேண்டும். முதலில் மூங்கிலில் செய்தார்கள், இப்போது கார்பனில் செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச காலம் கண்ணாடி நாரில் செய்தார்கள். மலைக்காரர்கள் அதைக் கிளாஸ் ராடு என்பார்கள். கார்பன் ராடு விறைப்பு, விசுக்கென்று வேலையை முடிக்கும். கிளாஸ் ராடு அப்படி இல்லை, நுனியிலிருந்து கைப்பிடி வரைக்கும் சாவகாசமாக வளைந்து, வளைந்ததை நினைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் நிமிரும். தொபியாஸுக்கு அதைப் பார்த்ததுமே சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஐந்தில் ஒன்று பால்வெள்ளை, ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று கரும்பச்சை, ஒன்று காப்பித்தூள் நிறம். ஐந்தாவது தேன் நிறத்தில், ஏழடி நீளத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தது.

செலினுடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு வழக்கம். எந்தச் சாமானையும் வாங்குகிறவர் ஆசை தீரச் சோதித்துப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. நாற்காலி என்றால் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடலாம், தூண்டில் என்றால் கடைக்கு வெளியே தெருவில் நின்று வீசிப் பார்க்கலாம். போகிற வருகிறவர் காதில் முள் மாட்டக்கூடாது என்பதற்காக, நூல் நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டித் தருவார்கள். சர்ச் ரோடு நேரான ரோடு. மூன்று மணி ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து, தபாலாபீஸ் வரைக்கும் நிரப்பிவிடும். அன்றைக்குத் தொபியாஸ் முதலில் மஞ்சள் ராடைத்தான் எடுத்தான். பனிக்குள் வீசினான். அந்தச் சிவப்புக் கம்பளியைத்தான் மீன் கவ்வியது.

மீன் கல்லாப்பெட்டி மேல் கிடக்க, இருவரும் டீ குடித்தார்கள். அப்போதுதான் செலின் சொன்னாள்.

"அண்ணன் திருப்பூர்லருந்து ஒரு இடம் பாத்திருக்காரு. பல்லடத்துக்காரர், அமலதாஸ்னு பேரு. சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆச்சாம். போன வாரம் வந்து பாத்துட்டுப் போனாரு. கிறிஸ்து அரசர் திருவிழா அன்னைக்குப் பதில் சொல்றேன்னிருக்கேன்."

தொபியாஸ் டீயை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டினான். பிறகு விழுங்கினான். எதற்கும் நன்றாக விசாரித்துக்கொள்வது நல்லது என்று அவன் சொன்னதைக் கேட்டு, செலின் டீ டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக் கழுவப் போய்விட்டாள். அவனோ, பல்லடத்துக்காரர் எத்தனை நாள் யோசித்தார் என்று கேட்க நினைத்துக் கேட்காமலேயே வீட்டுக்குப் போனான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: அமலதாஸ் வேனில் வந்து இறங்கினார், செலினைப் பார்த்தார், இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டார், சரி என்றார். மொத்தம் பத்து நிமிடம்.

மீன் விஷயம் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் டாக்டர் பெஞ்சமின் வந்து பச்சை ராடையும் மஞ்சள் ராடையும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்தார். இரண்டிலும் ஒவ்வொரு மீன் விழுந்தது. அவர் மஞ்சளை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு கேட்டில் நின்று பனிக்குள் இருநூறு தடவை வீசினார். கையில் சுளுக்குதான் விழுந்தது. அவர் தப்பான ராடைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று ஊர் சொன்னது. பேக்கரி யூசுப் பாய் உஷாரானவர், எதில் அதிக மீன் விழுகிறது என்று மூன்று நாள் எண்ணிப் பார்த்து, பச்சையை வாங்கினார். அதுவும் வீட்டுக்குப் போனதும் வெறும் கம்பாகிவிட்டது. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் எந்த வம்பும் வேண்டாம் என்று வெள்ளையையும் காப்பித்தூளையும் சேர்த்து வாங்கினார், இரண்டும் ஊமையாகிவிட்டன. விற்ற சாமானைச் செலின் திரும்ப எடுப்பதில்லை. மூன்று பேரும் பேக்கரியில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே யோசித்ததில், ஊருக்கு ஓர் உண்மை தெரியவந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன் கையில்தான் மீன் விழுகிறது. வாங்குவது என்று முடிவான நிமிஷம் அது நின்றுவிடுகிறது.

மிச்சமிருந்தது தேன் நிற ராடு ஒன்றுதான். அதை யாரும் வாங்கக்கூடாது என்று வார்டு கவுன்சிலர் நஞ்சம்மாள் முடிவுசெய்தார். சட்டப்படி அப்படி ஒரு தீர்மானம் போட முடியாது என்பதால், வாயால் சொன்னார், ஊர் தலையாட்டியது. கூட்டம் அடித்துக்கொள்ளாமல் இருக்க டோக்கன் வந்தது. ஆளுக்கு ஒரு மீன், மூன்றிலிருந்து ஐந்து மணி வரைக்கும்.

ஆனால் சும்மா வந்து வீசினாலும் மீன் விழவில்லை. ரிட்டயரான தாசில்தார் ஒருவர், எனக்கு ராடெல்லாம் எதற்கு, மீன் மட்டும் போதும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வீசிப் பனியைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த காய்கறிக்கடை ருக்மணி, ராடைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் என்ன விலை என்று கேட்டு, இரண்டாயிரத்து எண்ணூறா, ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடு என்று பேரம் பேச ஆரம்பித்தாள்; பேரம் முடியும் முன்னே நூல் இழுத்தது. அதிலிருந்து ஊருக்கே வழி பிடிபட்டது. வாங்குகிறவர் மாதிரி மனசார விசாரிக்க வேண்டும், கடைசியில் வாங்காமல் வந்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு தவிட்டுமேட்டில் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஜன்மத்தில் ஏரிப்பக்கம் போகாதவர்கள் எல்லாம் கிளாஸ் ராடு பார்த்து வாங்குவதில் கரைகண்டவர்கள் ஆனார்கள். பழைய ராடின் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் சமமா என்று பார்க்க வேண்டும், நுனித்துண்டு ஒரு விரல்கடை குறைந்தாலும் என்றைக்கோ உடைந்து வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், என்று தையல்காரர் பேருந்து நிலையத்தில் பிரசங்கம் செய்தார். நூல் ஓடுகிற வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பார், பஞ்சு சிக்கினால் வளையம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை சத்துணவு ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி மேஜையில் உருட்டிப் பார்த்தால் கோணல் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வார்னிஷுக்கு அடியில் வெள்ளைக் கீறல் தெரியும். கார்க் பிடியில் ஓட்டை இருந்தால் பரவாயில்லை, கார்க் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். இரண்டு துண்டும் சேருகிற பொருத்து ஆடினால் மட்டும் வாங்கவே கூடாது. இதையெல்லாம் ஆளுக்கு ஆள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு சோதித்து, மூன்றாவது வளையம் சரியில்லையே என்று ஒரு குறை கண்டுபிடித்து, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மீனை வாழை இலையில் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வளையத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்த மீனுக்கு எடை கிடையாது. தராசில் வைத்தால் தட்டு அசையாது. ஆகவே சந்தையில் அதைப் பூவைப் போல முழம் போட்டு விற்றார்கள். மூடி போட்டுச் சமைக்க வேண்டும், திறந்து வைத்தால் கொதிக்கிற ஆவியோடு ஆவியாக மீனும் போய்விடும், குழம்புதான் மிஞ்சும். தைல மரக்காற்றின் வாசனை லேசாக அடிக்கும். சைவ ஹோட்டல் முதலாளி, தண்ணீரில் பிறக்காத மீன் காய்கறிக் கணக்கில் வருமா என்று ஒரு வாரம் தூங்காமல் யோசித்தார். மீன் பிடிக்கக் கட்டணம் வசூலிக்கிற இன்ஸ்பெக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஏரி, குளம், ஓடை, கால்வாய் எல்லாம் இருந்தன, மூடுபனி இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். மேற்படி பனி தேங்கி நிற்பதா, ஓடுவதா என்று தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. அவரும் ஒரு டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, அதைத் தெரிந்துகொள்ள முயற்சி செய்தார்.

செலினுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து கடையில் கூட்டம். ஒரு கரண்டிகூட விற்கவில்லை. எல்லாரும் விலை கேட்டார்கள், எல்லாரும் குறை சொன்னார்கள், எல்லாரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சோபா வாங்க வந்தவன்கூட, வாங்காமல் இருந்தால் இதிலிருந்தும் எதுவாவது விழுமோ என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனான். வாங்காமலிருப்பது ஊரில் ஒரு கெட்டிக்காரத்தனமாகிவிட்டது. தொபியாஸும் தினமும் வந்தான். டோக்கன் வாங்கி, தன் முறை வந்ததும் தேன் நிற ராடை எடுத்து, இரு கையாலும் தடவி, கண்ணை மூடிக்கொண்டு வீசுவான். அவனுக்கு விழுகிற மீன்தான் எப்போதும் பெரிசு. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவன் ராடைத் திரும்ப ஆணியில் மாட்டுகையில், செலின் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"நாலு வாரமா இதைத்தான் வீசறீங்க. இதுல என்ன குறை தொபியாஸ் சார்?"

குறையென்று எதுவும் இல்லை, ஆனாலும் எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யக்கூடாது இல்லையா என்று அவன் இழுத்தான்.

"உங்களுக்கு மீன் வேணுமா, ராடு வேணுமா?"

அவன் ஆணியில் தொங்கிய ராடை நேராக்கினான்.

"பதினோரு வருஷமா நான் ஒரு ஆளைத்தான் சமாளிச்சேன்" என்றாள் செலின். "இப்ப ஊரே தொபியாஸா மாறிப்போச்சு. எனக்கு அலுத்துப்போச்சுங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் தேறியிருப்பான். அலுப்பு மட்டுமே இருந்தது. அன்றைக்கு அவள் டீ தரவில்லை. தொபியாஸ் வீட்டுக்குப் போய், தனக்கே டீ போட்டு, அதை உறிஞ்சி, வழக்கப்படி வாஷ்பேசினில் துப்பிவிட்டு, துப்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றான். செலின் இல்லாத சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தான். அதற்கு மட்டும் அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது.

நஞ்சம்மாளும் யூசுப் பாயும் அவனைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். ஊருக்கு இரண்டு கவலை. செலின் பல்லடம் போய்விட்டால் கடையை மூடிவிடுவாள், அப்புறம் தெருவில் வீசிப் பார்ப்பது எங்கே, மீன் எங்கே. ஆகவே தொபியாஸ் அவளைக் கல்யாணம் செய்துகொள்வது ஊருக்கு நல்லது. அதே சமயம், அவன் அந்த ராடின் மேல் கண்ணாக இருப்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"செலினைக் கட்டிக்குங்க சார், வேண்டாங்கல" என்றார் நஞ்சம்மாள். "அந்த ராடை மட்டும் வாங்கிப்போடாதீங்க. உங்க ஒருத்தரால நாலாயிரம் பேர் பட்டினியா கெடக்கணுமா?"

பட்டினி என்பது அதிகம்தான். நாலு வாரத்துக்கு முன்னால் அந்த நாலாயிரம் பேரும் சுண்டலும் முட்டைக்கோஸும் தின்று நன்றாகவே இருந்தார்கள். தொபியாஸ் யோசித்துச் சொல்கிறேன் என்றான். அது போதும் என்று இருவரும் நிம்மதியாக எழுந்து போனார்கள். தொபியாஸ் யோசிக்கிறேன் என்று சொன்னால் அந்தக் காரியம் அவன் ஆயுசுக்கும் நடக்காது என்பது தவிட்டுமேட்டில் எழுதி வைத்த மாதிரி.

கிறிஸ்து அரசர் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. பவனி முடிந்து, புதுச் சட்டை போட்டவர்கள் அப்படியே டோக்கன் வரிசைக்கு வந்துவிட்டதில், அன்றைக்குச் சர்ச் ரோட்டில் நிற்க இடமில்லை. தொபியாஸுக்குப் பதினொன்றாவது டோக்கன். மூன்று மணிக்குப் பனி ஏறிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பத்துப் பேர் பத்துக் குறை சொல்லிப் பத்து மீனோடு நகர்ந்தார்கள். தொபியாஸ் ராடைக் கையில் எடுத்த அதே நேரத்தில், தபாலாபீஸ் பக்கமிருந்து ஒரு வெள்ளை வேன் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்து கடைமுன் நின்றது. அமலதாஸ் இறங்கினார். நல்ல மனிதர், சிரித்த முகம். வேனுக்குள் வழியில் வாங்கிய கேரட் மூட்டை, பூண்டு மூட்டை, தைலப் புட்டிகள், ஒரு ரோஜாச் செடி, எல்லாம் இருந்தன. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே எது விசேஷமோ அதைக் கண்ணில் பட்டதும் வாங்கிவிடுவது அவர் வழக்கம்.

தொபியாஸ் வீசினான். நூல் பனிக்குள் நீளமாகப் போய் விழுந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ராடு வளைந்தது. நுனி வளைந்து, நடு வளைந்து, கார்க் பிடிக்குள்ளேயே வளைவது அவன் உள்ளங்கையில் தெரிந்தது. மறுமுனையில் இருந்தது இதுவரை யாருக்கும் விழாதது. பனி கொஞ்சம் விலகியபோது அதன் முதுகு தெரிந்தது, பிறகு கருஞ்சிவப்புப் புள்ளிகள் போட்ட விலா தெரிந்தது. வால் தபாலாபீஸ் தாண்டி எங்கேயோ இருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். முழம் போட்டால் ஊருக்கே ஒரு வாரம் காணும் என்று ருக்மணி மெல்லச் சொன்னாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகத் தொபியாஸ் இருந்ததே இல்லை.

அமலதாஸ் மீனைப் பார்க்கவில்லை. ராடைப் பார்த்தார், அதன் நிறத்தைப் பார்த்தார், பிடித்திருந்தது.

"இது என்ன விலைங்க?" என்று செலினிடம் கேட்டார். "குடுங்க, எடுத்துக்கறேன்."

இரண்டாயிரத்து எண்ணூறு என்றாள் செலின். அவர் அப்போதே பர்ஸைத் திறந்தார். கூட்டத்தில் நஞ்சம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். செலின் பணத்தை வாங்கவில்லை. அமலதாஸைப் பார்த்துப் பேசினாலும், அவள் சொன்னது வேறு ஆளுக்கு என்பது தெருவில் எல்லாருக்கும் விளங்கியது.

"கையில எடுத்தவரு கீழ வைக்கட்டும்ங்க. அவரு வெச்சதும் உங்களுக்குத்தான்."

மீன் இழுத்தது. தொபியாஸ் ஓரடி முன்னால் போனான். வலப்பக்கம் நாலாயிரம் பேரின் குழம்பு; எதிரே ஒரு வாரம் இழுத்துக்கொண்டே இருக்கலாம் போன்ற அந்த அழகான பாரம்; இடப்பக்கம், கடைவாசலில், புது நீலச் சேலை கட்டிக்கொண்டு அவனைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைப் பார்க்கிற செலின். அவன் இதை வாயில் போட்டு உருட்டிப் பார்க்க ஆசைப்பட்டான், உண்மை. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் இந்த வளைவு கையில் இருந்தால் போதும் என்றிருந்தது. பர்ஸைத் திறந்து பிடித்தபடி அமலதாஸ் பொறுமையாக நின்றார். இந்த ஆள் ஒரு நிமிஷத்தில் செய்வதை நான் பதினோரு வருஷத்தில் செய்யவில்லை என்று தொபியாஸ் நினைத்தான்.

"பில் போடுங்க செலின்" என்றான். "நான் எடுத்துக்கறேன்."

சத்தமே இல்லை. ராடு நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய மீன் இருந்த இடத்தில் பனி மட்டும் இருந்தது, அதுவும் லேசாகக் கலைந்துகொண்டிருந்தது. ஈரமான நூல் தெருவில் வளைந்து வளைந்து கிடந்தது. யாரோ கொண்டுவந்த அலுமினியச் சட்டியைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. யூசுப் பாய் தலையில் கைவைத்துக்கொண்டு பேக்கரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாம் டோக்கன் வைத்திருந்த இன்ஸ்பெக்டர், பனி ஓடுகிறது என்று பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார். நஞ்சம்மாள் தொபியாஸைப் பார்த்த பார்வையை அவன் சாகிறவரை மறக்க முடியாது. அவன் நேராகக் கல்லாவுக்குப் போய், பேரம் பேசாமல், பணத்தை எண்ணி வைத்தான். செலின் பில் எழுதினாள்.

பில்லை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்தபின்னும் அவன் நகரவில்லை. அமலதாஸ் நின்றிருந்தார், கூட்டம் நின்றிருந்தது, அவன் யாரையும் பார்க்கவில்லை.

"இன்னொண்ணும் கேக்கணும்" என்றான். "என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவன் அதை உருட்டிப் பார்க்காமலே சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது.

செலின் பேனாவை மூடி வைத்தாள். கன்னம் சிவந்திருந்தது, ஆனால் சிரிப்பைப் பல்லுக்குள் பிடித்துவைத்திருந்தாள்.

"நீங்க பதினோரு வருஷம் எடுத்துக்கிட்டீங்க" என்றாள். "நான் அவ்வளவெல்லாம் கேக்கல. எனக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க."

சுவரில் மணி மூன்று ஐம்பது. அவள் அமலதாஸை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, சொல்ல வேண்டியதை மரியாதையாகச் சொன்னாள். அவர் எல்லாக் காரியத்தையும் போலவே இதையும் இரண்டு நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார்; வந்தது வந்தோம் என்று மூலையில் கிடந்த மூன்று பேர் சோபாவை விலை கேட்டு, உட்கார்ந்துகூடப் பார்க்காமல் வாங்கி, வேனின் மேல் கட்டிக்கொண்டு பல்லடம் போய்ச் சேர்ந்தார். மாதக்கணக்கில் விற்காத சோபா அது.

ஊர் அவனைத் திட்டிக்கொண்டே கலைந்தது. அன்றைக்கு இரவு எல்லார் வீட்டிலும் முட்டைக்கோஸ்தான். தொபியாஸ், இனி ஒருபோதும் பனிக்குள் மீன் பிடிக்காத ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தெருவில் தனியாக நின்றான். நாலு மணி ஆயிற்று. நாலு ஐந்து ஆயிற்று. உள்ளே அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு பாத்திரமும் அவனை நிராகரிக்கிற மாதிரி இருந்தது. நாலேகால் ஆயிற்று. அவள் வேண்டுமென்றே மெதுவாகக் கழுவுகிறாளா, உண்மையிலேயே யோசிக்கிறாளா என்று தெரியவில்லை. யோசித்தால் என்ன யோசிப்பாள், தன்னிடம் உள்ள குறைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவை சாயங்காலம் வரை முடியாதே என்று அவன் பயந்தான். இப்படித்தானே பதினோரு வருஷம் அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருந்திருப்பாள் என்று தோன்றியபோது வெட்கம் தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. பனி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணி வரைக்கும் கேட்டவள், நாலு நாற்பதுக்கே ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சரி என்று சொல்லிவிட்டாள். மிச்சமிருந்த இருபது நிமிஷத்தை என்ன செய்வதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.